எலும்புக்கு மட்டும்

மணி ஐந்தேகால்தான் ஆகிறது, உட்காருங்கள் டாக்டர். டீ சொல்லியிருக்கிறேன். மதுரையிலிருந்து வந்திருக்கிறீர்கள், அதுவும் உங்கள் முறை இல்லாத நாளில். அந்த நாற்காலிக்குத்தான் மின்விசிறிக் காற்று நன்றாக வரும்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. திண்டுக்கல்லில் எத்தனையோ லேப் இருக்க, நம்மிடமிருந்து சென்னைக்குப் போகும் சதைத் துண்டுகள் மட்டும் ஏன் ஜீன் டெஸ்ட்டுக்கு ஆகாமல் திரும்புகின்றன. ஃபார்மலின் கெட்டுவிட்டதா, கூரியரில் வெயில் படுகிறதா என்று போனிலேயே கேட்டீர்கள். அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காரணம் வேறு. அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் நடுவில் வரும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை அந்த நிமிடமே கெடத் தொடங்குகிறது. பார்த்தால் தெரியாது. ஃபார்மலினில் போட்டால் இருந்தது இருந்தபடி நின்றுவிடும். பிறகு அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி உங்கள் மேஜையில் வைக்கிறேன். நீங்கள் பார்த்துப் புற்று என்று சொல்கிறீர்கள். மிச்சமிருக்கும் மெழுகுக் கட்டி சென்னைக்குப் போகிறது. அங்கே அதிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்து, இன்ன மாற்றம் இருக்கிறது, இன்ன மாத்திரை கேட்கும் என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்தச் சதைத் துண்டு கெட்டிருந்தால் எழுத ஒன்றுமில்லை. மாத்திரையும் இல்லை.

இங்கே நான் சேர்ந்த புதிதில் துண்டுகள் எப்படி வரும் தெரியுமா. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் டிக்கெட் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை நத்தம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கள் அப்பாவின் துண்டை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று சண்டை.

“ஏலே, எண்ணெ வாடை போகக் கழுவுனியா இல்லியா?”

“ரெண்டு தரம் கழுவுனேண்ணே. நாரத்தங்கா வாடை லேசுல போவுமா?”

“அப்பனுக்கு நாரத்தங்கான்னா உசுரு. போகட்டும் விடு.”

உள்ளே இருந்தது குடிதண்ணீர். துண்டு வெளுத்து நொந்துபோயிருந்தது. அன்றைக்கே முதலாளியிடம் பேசி, அகன்ற வாய் பாட்டில்களில் ஃபார்மலினை ஊற்றி எல்லா ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே கொடுத்துவைக்கச் செய்தேன். அதன் பிறகு நம் லேபில் துண்டு கெடுவது அபூர்வமாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போல வேலை என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். நான் கவனமானவன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேட்க வேண்டும்.

டீ ஆறுகிறது.

என் மனைவி கௌசல்யாவை உங்களுக்குத் தெரியும். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உங்கள் ஜாக்கெட்டின் கை தையல் சரியில்லை என்று சொல்லி என்னைச் சங்கடப்படுத்தினாள். வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தவள். இருமல் வந்தது, தூசி என்று நினைத்தோம். பிறகு இடுப்பில் வலி. மிஷினில் ரொம்ப நேரம் உட்காருவதால் என்று நினைத்தோம். ஸ்கேனில் நுரையீரலில் கட்டி, இடுப்பெலும்பிலும் இறங்கியிருந்தது. நுரையீரல் கட்டி ஊசி எட்டாத இடத்தில் இருந்தது. எலும்பில்தான் துண்டு எடுத்தார்கள். நானே போய் வாங்கி வந்தேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சொன்னாள். “என்னைய நல்ல பாட்டில்ல போடுங்க. ஊறுகாப் பாட்டில்ல போட்றாதீங்க.” நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எலும்பை அப்படியே சீவ முடியாது. சுண்ணாம்பை எடுத்துவிட்டு மிருதுவாக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று ஆசிட். சீக்கிரம் வேலை முடியும், ஸ்லைடில் புற்று அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பொழுது சாயும்வரை கிடந்தால் சென்னையில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று மெதுவான திரவம். அது எதையும் கெடுக்காது, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜீன் டெஸ்ட் வேண்டுமென்றால் அதில்தான் போட வேண்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். நான் அதில்தான் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்பாள். “வந்துருச்சா?”

“இன்னும் ஊறுது.”

“என்ன, இட்லிக்கு உளுந்தா ஊறப் போட்டீங்க? கொஞ்சம் வெரசாப் பாக்கச் சொல்லுங்களேன். ஒங்க ஆபீசுதான.”

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் கேட்கவில்லை, வலியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் துண்டை எடுத்து ஆசிட்டில் போட்டேன். கொஞ்ச நேரம்தான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து எடுத்துவிடலாம் என்று கணக்கு. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது, அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று. ஓடினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்ஸிஜன் வைத்து, நான் திரும்பி வந்து பாட்டிலைத் திறந்தது மறுநாள்.

சென்னையிலிருந்து, போதுமான டி.என்.ஏ. இல்லை என்று வந்தது. எலும்பு பீஸ் என்றால் அப்படித்தான், மனதை விட்டுவிடாதீர்கள் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் திருத்தவில்லை. மறுபடி துண்டு எடுக்க அவள் உடம்பில் தெம்பில்லை. மாத்திரை கிடைக்குமா என்று அவள் கேட்டபோது, அதெல்லாம் யாருக்கும் கேட்பதில்லை, விளம்பரம்தான் என்று சொன்னேன். நம்பினாள். என் வேலை அது என்பதால் நம்பினாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது. துண்டு நன்றாக இருந்திருந்தாலும் மாற்றம் இருந்திருக்காது. மாற்றம் இருந்திருந்தாலும் மாத்திரை கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கொஞ்ச நாள்தான். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், எங்கும் ஓட்டை இல்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி வேலைக்கு வந்தேன்.

பிறகு மொக்கைச்சாமி வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்குக் காய் ஏற்றி அனுப்புகிறவர். அவருடைய துண்டு கௌசல்யா போன பிறகு என் கைக்கு வந்தது. அப்போது மகன் அவரைத் தோளில் சாய்த்துத்தான் கூட்டிவந்தான். நான் எப்போதும்போல் கவனமாகச் செய்தேன். சென்னையிலிருந்து மாற்றம் இருக்கிறது என்று வந்தது. மாத்திரை எழுதினார்கள். நான் மறந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், சாக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். தானே இறக்கி வைத்தார். மூச்சு வாங்கவில்லை.

“ஏனுங்க தம்பி, அடையாளம் தெரியலீங்களா? மொக்கைச்சாமிங்க. அவரைக்காயுங்க, காலைல பறிச்சது. நம்ம தோட்டத்துதுங்க.”

“இதெல்லாம் எதுக்கு.”

“சதையப் பக்குவமா வச்சுக் கொடுத்தீங்களாம், அதுலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாருங்க. வீட்ல அம்மிணி இருக்காங்களா? அவங்ககிட்டக் கொடுங்க. பொரியலுக்கு நல்லாருக்கும், தேங்காய மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு சொல்லுங்க.”

கொடுக்கிறேன் என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரனுக்குக் காது குத்து, வர வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

அவரைக்காய் மூட்டை அந்த மூலையில் கிடந்து அழுகியது. வாடை என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள்.

மொக்கைச்சாமியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் எத்தனை நாள் இருப்பார் என்பதுதான் விஷயம். மாத்திரை ஒருநாள் கைவிடும், எல்லோரையும் கைவிடும், நீங்களே சொல்வீர்கள். மார்க்கெட்டில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவ்வப்போது போன் செய்து கேட்பேன். நேற்றும் கேட்டேன். “இருக்காரு, நல்லாருக்காரு, இப்பத்தான் லாரிக்காரன்கூடச் சண்டை போட்டுட்டுப் போறாரு” என்றார். ஒருநாள் வேறு பதில் வரும். அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கும்.

அவருக்கு அடுத்து வந்தது எரியோட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரின் துண்டு. நுரையீரல் சதை. எலும்பு கிடையாது, ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

போட்டேன்.

ஸ்லைடு உங்கள் மேஜைக்கு வந்தது. சீவியது நன்றாக வந்திருக்கிறது என்றீர்கள். ஆசிட்டில் கிடந்த சதை கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து, போதுமான டி.என்.ஏ. இல்லை என்று வந்தது. குடும்பத்தார் கொஞ்சம் அழுதார்கள். பிறகு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பிடித்ததைச் சமைத்துப் போட்டு, சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி என்னிடம் வந்து, உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசை காட்டி இழுத்தடிப்பதைவிட இது மேல் என்று எனக்குப் பட்டது. நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்த ஒரு அம்மா. பிறகு சின்னாளப்பட்டியில் ஒருவர். எல்லோருக்கும் நான் செய்யவில்லை. கண்ணில் நம்பிக்கையோடு பாட்டிலைக் கொடுத்தவர்களுக்குத்தான் செய்தேன். அவர்களைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் தப்பு செய்தவன் எண்ணுவதுபோல் ஆகிவிடும்.

எழுந்திருக்காதீர்கள் டாக்டர். முதலாளிக்கு அப்புறம் போன் செய்யலாம். நீங்கள் முக்கியமாகப் பேகம்பூர் ஜீனத்தைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள். சிறு வயது, புகைப் பழக்கம் இல்லாத பெண், மாற்றம் இருக்க நிறைய வாய்ப்பு, அந்தத் துண்டு எப்படிக் கெட்டது என்று அவளுக்கு வைத்தியம் பார்க்கும் மதுரை டாக்டர் உங்களிடம் சத்தம் போட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜீனத்தின் வீட்டுக்காரர் கிதர் முகம்மது. பேகம்பூரில் தோல் ஷாப்பில் பச்சைத் தோலைப் பதப்படுத்தும் வேலை. முதல் துண்டை அவரேதான் கொண்டுவந்தார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல. மூடியருகே மூக்கை வைத்து முகர்ந்தார்.

“எங்க ஷாப்பு வாடையும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கே. இத பிரிட்ஜ்ல வைக்கணுமா தம்பி?”

“வேண்டாம் பாய். அந்தத் தண்ணியே காப்பாத்தும்.”

“ஆட்ட உரிச்ச கையோட உப்பு போட்றணும். செத்த நேரம் அசந்தோம்னா மயிரு கழண்டு வந்துரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் அது தோலாகாது. இதுவும் அப்படித்தானே?”

“அப்படித்தான் பாய்.”

“அவகிட்டச் சொன்னேன், உன்னையும் பதம் போடத்தான் கொண்டு போறேன்னு. அடிக்க வந்துட்டா.” சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “நாங்க அடுத்தாப்ல ஆசிட்ல போடுவோம். நீங்களும் போடுவீங்களா?”

“எலும்புக்கு மட்டும்தான் பாய். சதைக்குப் போடக் கூடாது.”

“அப்பச் சரி” என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு போட்டேன்.

ஏன் என்று இப்போது நீங்கள் கேட்கவில்லை. முதலில் கேட்டீர்கள். பரவாயில்லை.

துண்டு எடுத்த அந்த ஊசியிலேயே ஜீனத்தின் நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, குழாய் வைத்துத்தான் பிழைத்தாள். முதல் துண்டு ஆகவில்லை என்று வந்ததும், மறுபடி ஊசி போடலாமா என்று கிதர் பாய் என்னிடம் வந்து கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைவிட நல்லது யாரும் சொல்லியிருக்க முடியாது. அவர் தலையாட்டினார். ஆனால் ஜீனத் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். இன்னும் ரெண்டு வருசம் கிடைத்தால் போதும், அவள் பன்னிரண்டு முடிக்கிறதைப் பார்த்துவிடுவேன் என்றாளாம். அவளே கையெழுத்துப் போட்டு, இன்று காலை மறுபடி ஊசிக்குப் படுத்திருக்கிறாள்.

நீங்கள் உள்ளே வரும்போது வாசல் பெஞ்சிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றிருப்பார். அவர்தான் கிதர் முகம்மது. மத்தியானம் இரண்டாவது துண்டைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை.

“மூணாவது தடவைக்கு அவ ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு தம்பி. இதான் கடேசி. மொதத் தடவ இங்க யாரோ அசந்துருக்காக. நான் கொற சொல்லல, எங்க ஷாப்புலயும் நடக்கும். இந்தத் தடவ வேற யாரையும் தொட விடாதீங்க. நீங்க பாத்தா எனக்குப் போதும். நான் பாட்டுக்கு இங்கன உக்காந்துருக்கேன், தொந்தரவு பண்ண மாட்டேன்.”

நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. வேறு யாரும் தொடவில்லை.

பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், நீங்கள் நம்ப வேண்டும். மொக்கைச்சாமி ஒருவர் போதும், இவளும் படியேறி வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமா என்றும் நினைத்தேன். மூடியைத் திறந்ததையும், இடுக்கியை எடுத்ததையும், நூல் மாதிரி இருந்த அந்தத் துண்டைத் தூக்கி வேறு பாட்டிலுக்கு மாற்றியதையும் கைதான் செய்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஆவது ஒன்றும் இல்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள், எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

வெளியே கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி.

அந்த அலமாரியில் நீங்கள் அப்படி அவசரமாகத் தேடினால் கிடைக்காது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிதான், ஒரே வெள்ளை மூடி. இன்று வந்தவை எதிலும் இன்னும் பெயர் ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கலாம், நேரம் ஆகும். சத்தம் போட வேண்டாம், பாய் பயந்துவிடுவார்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும், டாக்டர் மஹ்ஜபீன். யார் கேட்டாலும் சொல்லுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்.

“எந்தப் பாட்டில், பழனிக்குமார்?”